இரட்டை மூளைப் பெட்டி

என் தங்கையை அவள் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவள் 'போஸ்ட்மார்ட்டம்'. பெரிய அலுவலகங்கள் தலைமுழுகிய கம்ப்யூட்டர்கள் வண்டி வண்டியாக அந்தக் கொட்டகையில் வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, செம்பு ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம், பச்சைப் பலகைகள் ஒரு பக்கம் என்று குவிப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. மற்றவர்கள் சுத்தியலால் போட்டு உடைப்பார்கள். இவள் மட்டும் ஸ்க்ரூ டிரைவரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றுவாள். "அது எதனால செத்துச்சுன்னு பார்த்துட்டுத்தான் அனுப்புவா" என்று முதலாளி ஒரு நாள் சொல்லப்போக, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு மரவேலை. கட்டில், அலமாரி, கதவு, ஜன்னல். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அந்த வீட்டில் தண்ணீர் ஊற்றுவதுகூடக் கேட்கும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, அதாவது அவள் வீட்டுக்காரர், லாரி ஓட்டினார். தூரத்து லோடு. போனால் வாரக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. வந்துவிட்டாலோ அந்த வீட்டில் வாய் ஓயாது. எந்த ஊர்ச் சோதனைச் சாவடியில் யார் என்ன கேட்டான், இவர் என்ன சொல்லி மடக்கினார் என்று அளந்துவிடுவார். பாதி புளுகு. புளுகு என்று தெரிந்தே அவள் சிரிப்பாள், சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்துத் தொலைப்பேன்.

அந்த வாய்தான் ஒரேயடியாக மூடிக்கொண்டது.

மலைப்பாதை இறக்கத்தில் ஒரு வளைவு. வண்டி நிறைய சிமெண்ட் மூட்டை. வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்பை உடைத்துக்கொண்டு கவிழ்ந்தது. இவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை என்றார் இவர். கண் அசந்துவிட்டான் என்றது லாரிக் கம்பெனி. யார் சொல்வது உண்மை என்று வண்டியைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே அதைத் துண்டு துண்டாக வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். செத்த கம்ப்யூட்டருக்குக்கூடப் போஸ்ட்மார்ட்டம் செய்கிறவளின் புருஷனுக்கு நேர்ந்த கதி இது.

பிரேக் பிடிக்கவில்லையா, கண் அசந்தாரா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. நான் அந்த வண்டியில் இல்லை.

ஆனால் என் தங்கை கேட்டுவிட்டாள். அவருக்கு நினைவு திரும்பியதும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அழுத அழுகையில் வேறு எதுவும் வாயில் வராமல், "கண்ணசந்துட்டீங்களா?" என்று கேட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பியது திருப்பியதுதான். வீட்டுக்கு வந்தபிறகும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் அவளிடம் ஒரு சொல் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்தித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தினமும் முழங்காலை மடக்கி நீட்டிப் பழக வேண்டும், இப்படியே போட்டுவைத்தால் விறைத்துப்போகும், அப்புறம் எந்தக் காலும் பொருந்தாது என்று எச்சரித்தும் அனுப்பினார்கள். அவர் மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. நான் ஒரு நாள் பொறுமை இழந்து, "மாப்பிள்ளை, கால் அளவு எடுக்க வரச் சொல்றாங்க. நாளைக்குப் போவோமா?" என்றேன். சுவரிடம் பேசுவதுபோல் பதில் வந்தது.

"எதுக்கு மச்சான் கால்? அதையும் மாட்டிக்கிட்டுத் தூங்குறதுக்கா?"

வெளியே வந்து ஒரு நல்ல பலகையைத் தப்பாக அறுத்துப் பாழாக்கினேன்.

பிறகு ஒரு காலையில், துணி துவைக்கத் தலையணை உறையைக் கழற்றிய என் தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவர் விழுங்காமல் சேர்த்துவைத்த மாத்திரைகள். அவள் கத்தவில்லை, அவரை எழுப்பவும் இல்லை. எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு என் பட்டறைக்கு வந்தாள். முடிச்சை அவிழ்த்து என் முன்னால் கொட்டினாள்.

"என்னாலதான்ணா. நான் கேட்டது அவருக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. எதையாவது செஞ்சு அவரைத் திருப்பணும்ணா. எதையாவது."

அன்றிலிருந்து மாத்திரையைத் தன் கையால் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். அவள் வேலைக்குப் போன நேரம் நான் பட்டறையைப் போட்டுவிட்டு அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து இழைத்தேன். காவல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தால் தெரியட்டும்.

அந்த 'எதையாவது' என்ன என்பதற்கு வழி காட்டியவன் 'ஹாரன்'. மாப்பிள்ளையோடு ஓடிய இன்னொரு டிரைவர், வயதில் சின்னவன். நிற்கிற வண்டியிலும் ஹாரன் அடிக்கிற வியாதி உள்ளவன் என்பதால் அந்தப் பெயர். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவன், அவர் முகம் கொடுக்காததால் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்து புலம்பினான். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். நிஜ வண்டி போலவே கியர், கண்ணாடி, மழை, மலைப்பாதை எல்லாம் உண்டாம். லோடு இல்லாத நாளில் டிரைவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஒன்றாக வண்டி ஓட்டுவார்களாம்.

"ஓட்டுறதே பொழப்பு, லீவுலயும் ஓட்டுவீங்களாடா?" என்றேன்.

"அதுல முதலாளி கிடையாதுண்ணே" என்றான்.

என் தங்கை இதைக் கதவோரம் நின்று கேட்டிருக்கிறாள். அந்த மாதிரி விளையாட்டு ஓட நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், நல்லது எதுவும் எங்கள் கைக்கு எட்டாது. ஆனால் அவள் கொட்டகையில் ஒரு சர்வர் கிடந்தது. ஏதோ அலுவலகத்தில் பகலும் இரவும் ஓடிக் களைத்த பெட்டி. உடைப்பதற்காக வந்தது. அதைத் திறந்து பார்த்தவளுக்குக் கண் விரிந்துவிட்டது. சாதாரணக் கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசசர், அதாவது ஒரு மூளை. இதற்கு இரண்டு. நினைவகப் பட்டைகள் வேறு, இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. முதலாளியிடம் கேட்டாள். உடைத்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது, எடுத்துக்கொண்டு போ என்று விட்டுவிட்டார்.

"ஒரு மூளை வெச்ச மெஷின்லயே ஓடுதுன்னா, ரெண்டு மூளை வெச்சதுல பறக்கும்ணா."

குப்பையில் புழங்குகிறவர்களின் கணக்கு அது. அங்கே ஒரு கிலோவைவிட இரண்டு கிலோ எப்போதும் உசத்தி. நானும் தலையாட்டினேன், எனக்கு மட்டும் என்ன தெரியும்?

வாசலில் அதை இறக்கியபோதே என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நீளமோ ஒரு சின்னக் கதவு அளவு. கடையில் விற்கிற எந்தக் கம்ப்யூட்டர் கூண்டுக்குள்ளும் அந்தப் பலகை அடங்காது என்றாள். சரி, உனக்கு ஒரு தச்சன் அண்ணன் எதற்கு என்று நான் மரத்திலேயே சட்டம் அடித்துக்கொடுத்தேன். படம் காட்டும் கார்டு ஒன்றைக் கொட்டகையிலிருந்து தேற்றியிருந்தாள். அந்தக் கார்டுக்கு மின்சாரம் தர சர்வரில் வழியே இல்லை. வேறொரு பழைய கம்ப்யூட்டரின் மின்பெட்டியைப் பிடுங்கி வந்து பக்கத்தில் கட்டினாள். பார்ப்பதற்கு ஆபரேஷனைப் பாதியில் விட்டதுபோல் இருந்தது.

முதன்முதலில் அதை முடுக்கிய கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் பயந்து உளியைக் கீழே போட்டேன். மாவு மில்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்ததுபோல் அப்படியொரு இரைச்சல். உள்ளே சின்னச் சின்னதாக ஒரு வரிசை விசிறிகள் இருந்தன. அறிமுகமில்லாத கார்டு ஒன்றைச் செருகினால் இந்த ஜாதிப் பெட்டி மிரண்டுபோய் எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிடுமாம். தெரியாத ஆள் உள்ளே வந்தால் நாய் குரைக்கிறதே, அந்த மாதிரி. எதிர்வீட்டு அம்மா வந்து, "என்ன தொழில் ஆரம்பிச்சிருக்கீங்க, முன்கூட்டியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கட்டிலில் படுத்திருந்தவர் மட்டும் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்த இரைச்சலிலும் அசையாத அந்த முதுகின் பக்கத்தில் போய், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அவள் அந்த விசிறிகளைக் கழற்றிவிட்டு, பெரிய, நிதானமான விசிறிகளைப் பொருத்தினாள். நான் சட்டத்தில் அவற்றுக்கு வட்டமாக ஓட்டை வெட்டினேன். இரைச்சல் போயிற்று. ஹாரன் வந்து விளையாட்டை ஏற்றிக்கொடுத்தான். ஒரு வழியாகத் திரையில் லாரி கிளம்பியது.

கிளம்பிய லாரி திக்கியது. நன்றாகத்தான் போகும். திடீரென்று கண் இமைக்கிற நேரம் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு நாலடி தள்ளிப்போய் விழும். நேர் ரோட்டில் சமாளித்துக்கொள்ளலாம். வளைவில் உறைந்தால் லாரி வயலுக்குள் கிடக்கும். இரண்டு மூளை வைத்த பெட்டி பறக்கவில்லை, நொண்டியது.

என் தங்கை சோறு தண்ணி மறந்தாள். வேலை முடிந்து வந்தால் கைகூடக் கழுவாமல் அதன்முன் உட்கார்ந்துவிடுவாள். பட்டைகளை மாற்றிச் செருகுவாள், தூசி ஊதுவாள், நெற்றியில் கைவைத்துக்கொண்டு அதையே பார்ப்பாள். என் வாய் சும்மா இருக்குமா? "அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு, உள்ளே படுத்திருக்கிறவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காரேன்" என்று எரிந்து விழுந்தேன்.

"பக்கத்துல உட்கார்ந்தா கண்ணை மூடிக்கிறாருண்ணா" என்றாள்.

கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரர் ஒருவரிடம் படமெடுத்துக் காட்டிக் கேட்டோம். அவர் விலாவாரியாக விளக்கினார். இரண்டு மூளைக்கும் தனித்தனி நினைவகம். விளையாட்டு வேலை செய்வது ஒரு மூளையில், அது தேடும் பொருள் கிடப்பது இன்னொரு மூளையின் பக்கத்தில். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும்.

"சமையல் உங்க வீட்ல. உப்பு அடுத்த வீட்ல. தாளிச்சுக்கிட்டு இருக்கும்போதே உப்புக்கு ஓடினா எப்படிம்மா? ஆபீஸ் வேலைக்கு ரெண்டு மூளை சரி. நூறு பேருக்கு ஒரே நேரத்துல கணக்குப் பார்க்கும். விளையாட்டுக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணைக் கழட்டிடுங்க."

வீட்டுக்கு வந்த வேகத்தில் கழற்றினாள். முடுக்கினால் திரை கன்னங்கரேல் என்று கிடக்கிறது. அவள் முகமும் அப்படித்தான். எல்லாம் போச்சு என்று உதடு கோணி, இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அழுகை எல்லாம் அந்த இருண்ட கண்ணாடியைப் பார்த்து வெடித்துக்கொண்டு வந்தது. கடைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. படம் காட்டும் கார்டு செருகியிருந்த பொந்து, கழற்றிய மூளைக்குச் சொந்தமானதாம். அந்த மூளை இல்லாவிட்டால் அந்தப் பொந்தும் வேலை செய்யாது. கார்டை மற்றப் பக்கத்துப் பொந்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் என் சட்டம் இடிக்கிறது. சட்டத்தை அறுத்துப் புதிதாகச் செய்யும்வரை பழையபடியே இருக்கட்டும் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது மூளையைத் திரும்பப் பொருத்தினாள்.

அந்த இடைவெளியில்தான் ஹாரன் வந்து நின்றான். அவளுக்கு அன்று விடுமுறை. மதிய நேரம். மேசையில் மாட்டுகிற ஸ்டீயரிங்கும், கியர்க் குச்சியும், தரையில் வைக்கிற ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் சேர்ந்த செட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். தன்னுடையதுதான், அண்ணன் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும் என்றான். பெட்டி இன்னும் சரியாகவில்லை, பிறகு பார்க்கலாம் என்று என் தங்கை எவ்வளவோ சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே. கட்டிலோரம் மேசையை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, தானே ஓட்டத் தொடங்கினான்.

ஹாரன் நிஜத்தில் எப்படி ஓட்டுவான் என்று தெரியாது. அன்று ஓட்டியது மகா கேவலம். பாரம் ஏற்றிய வண்டியை ஏற்றத்தில் தப்பான கியரில் போட்டு முக்க முக்க ஏற்றினான். என்ஜின் ஓலமிட்டது. வண்டி இன்னும் முக்கித் திணறியது. அவன் வேண்டுமென்றே செய்தானோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

"கியரைக் குறைடா."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்தான். ஹாரன் குறைக்கவில்லை. என்ஜின் இன்னும் கதறியது. "காது என்ன அடைஞ்சிடுச்சா? வண்டி சாகுது பாரு. எந்திரி."

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஹாரன் சத்தம் போடாமல் நகர்ந்து இடம் கொடுத்தான். மாப்பிள்ளை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் கைவைத்தார். வலது கால் தானாக முன்னால் போய்ப் பார்த்தது, தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு இடது காலை நீட்டி மிதிமேல் வைத்துக்கொண்டார்.

நான் கதவோரம் நின்றேன். என் தங்கை எனக்குப் பின்னால், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரப் பயந்தாள். தன்னைப் பார்த்தால் அவர் திரும்பவும் படுத்துவிடுவார் என்று பயம்.

அவர் ஓட்டினார். எவ்வளவு அழகாக ஓட்டினார் தெரியுமா? ஏற்றத்தில் வண்டி முக்கவே இல்லை. முதுகு நிமிர்ந்துவிட்டது. கண் சாலையில் ஒரு தடவை, கண்ணாடியில் ஒரு தடவை என்று அளந்து போயிற்று. உச்சிக்கு ஏறி, இறங்கத் தொடங்கியது. பெட்டி ஒரு தடவை திக்கியது, அவர் ஸ்டீயரிங்கை ஒடித்துச் சமாளித்துக்கொண்டார். இறக்கம். கீழே ஒரு வளைவு வந்துகொண்டிருந்தது. என் சட்டை பின்னால் இறுகியது. "பெட்டி நிக்கப்போகுதுண்ணா. நிறுத்தச் சொல்லுண்ணா" என்று அவள் என் முதுகுக்குள் முணுமுணுத்தாள். நான் வாய் திறப்பதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது.

வளைவுக்குச் சற்று முன்னால் அவர் பிரேக்கை மிதித்தார். படம் உறைந்தது. மரம், மலை, ரோடு எல்லாம் அப்படியே நின்றது. அவர் இன்னும் அழுத்தினார், உடம்பின் பாரம் முழுவதையும் அந்த ஒற்றைக் காலில் ஏற்றி அழுத்தினார். அதற்குள் படம் ஒரே தாவாகத் தாவியது. லாரி தடுப்புக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது.

ஹாரன்தான் திணறித் திணறி, "அண்ணே, அது மெஷின் மாட்டிக்கிச்சுண்ணே, உங்க தப்பு இல்ல" என்று ஆரம்பித்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"இப்படித்தான் ஆச்சு" என்றார்.

அந்தப் பெட்டியின் நோய் இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மூளை, உப்பு அடுத்த வீட்டில். மலையில் ஓடிய நிஜ லாரிக்கும் இந்தத் திக்கலுக்கும் முடிச்சுப் போட எந்த நியாயமும் இல்லை. இது எதையும் நிரூபிக்காது என்று எனக்கே தெரியும்போது அவளுக்குத் தெரியாதா? அவள் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

அவர் கால் இன்னும் பிரேக்கிலேயே இருந்தது. மிதி தரையோடு தரையாக அழுந்திக்கிடந்தது. குதிகால் நடுங்கியது, தொடை நரம்பெல்லாம் புடைத்திருந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். செத்த கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்ப்பாளே, அவ்வளவு நிதானமாகப் பார்த்தாள்.

"மிதிச்சிருக்கீங்க" என்றாள். "அடிவரைக்கும் மிதிச்சிருக்கீங்க. அது நிக்கல."

"நிக்கலடி" என்றார் அவர். அவர் முகம் உடைந்தது. "மிதிச்சேன். எவ்வளவு மிதிச்சேன். நிக்கவே இல்ல."

"பார்த்தேன். என் கண்ணால பார்த்தேன். இனிமே யார் கேட்டாலும் நான் சொல்றேன். கேட்டிருக்கவே கூடாதுங்க நான். கேட்டிருக்கவே கூடாது."

அவர் வாய்விட்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்க முடியாமல் ஹாரன் எழுந்து வெளியே போனான். எனக்குப் போகத் தோன்றவில்லை. இப்படி அழுகிற மனிதரின் காலை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அது இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது, மலையிலிருந்து இன்றுவரை எடுக்காததுபோல.

என் தங்கை அந்தப் பாதத்தின்மேல் தன் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"போதும், எடுங்க" என்றாள். "வண்டி நின்னுடுச்சு."

அவர் காலை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.